மஸ்கட்டுல வித்த காரு

சார்ஜாவுல இருந்த வேலை போனதும் என் வூட்டுக்காரரு ஊருக்கே வந்துடுறேன்னாரு. எனக்கு சந்தோஷம். ஆனா காரை வித்துட்டுத்தான் வருவேன்னு ஒரே பிடி. பழைய காரு, அங்க எவனும் சீந்தல. மஸ்கட்டுல ஒரு மலையாளத்துக்காரரு எடுத்துக்கிறேன்னு சொல்ல, இவரே எல்லை தாண்டி ஓட்டிகினு போயி, பேப்பரெல்லாம் மாத்திக் குடுத்துட்டு, அங்கேர்ந்தே மெட்ராஸுக்கு பிளைட் ஏறிட்டாரு.

அந்தக் காருல நான் போனது விசிட் விசாவுல சார்ஜாவுக்குப் போயிருந்தப்பதான். பின்னாடி ஏறப் போனேன். "முன்னாடி வா, நான் இன்னா உன் டிரைவரா?"ன்னாரு. கல்யாணம் ஆகி அத்தினி வருஷத்துல, பக்கத்துல உக்காந்து அவரு மூஞ்சியப் பார்த்துகினே போனது அன்னிக்குத்தான். திருக்கழுக்குன்றம் கோயில்ல வாங்கின கறுப்புக் கயிறு ஒண்ணு கையோட கொண்டு போயிருந்தேன். அத கார் சாவியில நானே கட்டிவுட்டேன்.

எங்க ஊரு கருங்குழிக்கு வந்த மனுஷன் சரியா சோறு துன்னல. யாராவது வேலையப் பத்திக் கேட்டா எழுந்து போயிடுவாரு. மாமல்லபுரத்துல டூரிஸ்ட் வண்டி ஓட்ட ஆள் கேட்டாங்க. நாளைக்குப் போறேன், நாளைக்குப் போறேன்னு தள்ளிகினே இருந்தாரு. எனக்கு மொதல்ல கோவம் வரும், அப்பால அழுகை வரும். இந்த ஆளு உள்ளயே ஒடிஞ்சிட்டாரோன்னு பயம்.

ஒரு நாள் அந்த மலையாளத்துக்காரரு போன் பண்ணாரு. ஸ்பீக்கர்ல எனக்கும் கேட்டுது. "அண்ணா, ரெண்டாவது சாவிய மறந்து எடுத்துட்டுப் போயிட்டீங்களா? பசங்கள ஸ்கூல்ல விட என் வைஃப்தான் வண்டி எடுக்கணும், அவளுக்கு ஒரு சாவி வேணும்"னு மரியாதையாத்தான் கேட்டாரு. இவரு பார்க்கிறேன்னு சொல்லி வெச்சிட்டாரு.

"இன்னாய்யா, மறந்துட்டியா?"

"மறக்கல." பீரோவத் தொறந்து சட்டைங்களுக்கு அடியிலேர்ந்து சாவிய எடுத்தாரு. நான் கட்டின கயிறு அதுலயே கீது.

எனக்கு அப்பதான் புரிஞ்சிது. எங்க பக்கம் மாடு வித்தா கயித்த குடுக்க மாட்டாங்க. வாங்குறவங்க அவங்க கயித்துல கட்டித்தான் ஓட்டிகினு போவணும். கயித்தோட குடுத்தா வூட்டு லட்சுமியும் கூடவே போயிடும்னு நம்பிக்கை. இவர வெளிநாடு அனுப்ப, என் மாமனாரு இருந்த ஒரே பசுவ வித்தாரு. அதோட கயித்த அவுத்து கதவுக்குப் பின்னாடி மாட்டி வெச்சாரு. இன்னிக்கும் அங்கதான் தொங்குது. அவரு புள்ள, காரு வித்துட்டு சாவிய வெச்சிக்கினாரு.

"வேலையும் போச்சு, வண்டியும் போச்சு. இதையும் குடுத்துட்டா என்கிட்ட இன்னாதான் கீது?"ன்னு கேட்டாரு. குரல் உடைஞ்சிது. எத்தினியோ வருஷமா போன்லயே கேட்ட குரல். அப்பிடி உடைஞ்சி நான் கேட்டதே இல்ல.

சாவிய வாங்கி பல்லால கடிச்சி முடிச்ச அவுத்தேன். "சாவி அந்தம்மாவுக்குப் போவட்டும். பாவம், புள்ளைங்கள வெச்சிகினு கஷ்டப்படுது. நமக்குக் கயிறு போதும்"னு கயித்த மட்டும் அவரு கையில வெச்சேன்.

மறுநாள் ரெண்டு பேரும் செங்கல்பட்டு போயி, கொரியர்ல சாவிய அனுப்பிட்டு வெளிய வந்தோம். சட்டைப் பாக்கெட்டுலேர்ந்து கயித்த எடுத்தாரு. எங்க கட்டுறதுன்னு எங்க பழைய ஸ்கூட்டரப் பார்த்தாரு. அப்பால, ரோட்டுல அத்தினி ஜனம் போயிகினு இருக்க, என் கையப் புடிச்சி மணிக்கட்டுல கட்டினாரு.

"இன்னாய்யா, நான் மாடா?"

"லட்சுமி"ன்னாரு.

ஸ்கூட்டர்ல ஏறி உக்காந்தப்பறம் திரும்பிப் பார்க்காமலே சொன்னாரு: "நாளைக்குக் காலையில நாஸ்தா கட்டிக் குடு. மாமல்லபுரம் போவணும்."