குளிக்குமிடத்தில் ஒரு கூழைக்கடா

கருகிய எண்ணெய் நாற்றமும் மீன் கவுச்சியும் கலந்து மூக்கில் ஏறிய ஒரு காலை அது. அரைப்பரீட்சை லீவு. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பின்னால் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த "லைன் ஊடு"களில் கடைசி எங்களுடையது. பின்பக்கம் தகரங்களை நிறுத்தி, கூரை போடாமல் விட்டிருந்த குளிக்கும் மறைப்பின் கதவைத் தள்ளினேன். தண்ணீர் டிரம்முக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவில், என் தம்பியைவிடப் பெரிதாக, நீண்ட அலகின் அடியில் பை தொங்க, ஒரு பறவை உட்கார்ந்திருந்தது.

அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவள். எட்டிப் பார்த்ததும், "கூழைக்கடாடீ. எங்க ஏரிப் பறவ. இங்க எப்டி வந்துச்சு?" என்றாள். மார்பிலிருந்து கால்வரை கறுப்பு எண்ணெய் அப்பியிருந்தது. அது இறக்கையை விரிக்கப் பார்த்தபோது இறகுகள் ஒட்டிக்கொண்டு பாதியில் நின்றுவிட்டன.

அம்மா வெந்நீர் வைத்து, சீயக்காயைக் கரைத்து, பழைய புடவைத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள். கல்யாணமாகி வந்த பிறகு அவள் பிறந்த ஊர்ப் பக்கம் போனது அபூர்வம். அங்கிருந்து வந்த ஆளிடம் பேசுவதைப் போல, "பொறு, பொறு, ஆயிடுச்சு" என்று அதனிடம் பேசிக்கொண்டே துடைத்தாள். மத்தியானத்துக்குமேல் அவள் நீட்டிய சின்னக் கெண்டை ஒன்றை அது விழுங்கியபோது, வேடிக்கை பார்க்க வந்த பெண்கள்கூடச் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் செல்போனில் படம் எடுத்து, பேப்பருக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார்.

அப்பாவை நாங்கள் "நைனா" என்போம். இரும்பாலையில் ஒப்பந்தக் கூலி. ஷிப்டு முடிந்து வந்தவர் பறவையின் மார்பில் இன்னும் மிச்சமிருந்த எண்ணெயை விரலால் தொட்டு மோந்து பார்த்துவிட்டு, "எங்க கம்பெனி பள்ளத்து ஆயிலு" என்று தணிந்த குரலில் சொன்னார். ஆலையின் மதிலுக்குப் பின்னால் கழிவு எண்ணெயைக் கொட்டும் பள்ளம் ஒன்று உண்டு. மழைக்காலத்தில் தண்ணீர் நிறைந்தால் மேலிருந்து பார்க்கக் குளம்போல்தான் இருக்கும்.

பொழுது சாய்வதற்குள் ஆலையின் சூப்பர்வைசர் வேனில் வந்து இறங்கினார். கூட வந்தவன் கையில் கோணிப்பை.

"இன்னாப்பா, இத ஊட்ல வச்சிக்கினு கூட்டம் சேத்துக்கினு இருக்க? போட்டோலாம் எடுக்கறாங்களாமே. ஒன்ன பர்மனென்ட் பண்ற பேச்சு ஓடிக்கினு இருக்குது, தெரியுமில்ல?"

அம்மாதான் பேசினாள்.

"இப்பதாங்க ஒரு மீனு முழுங்குச்சு. தேறிடும். கோணில போட்டா மூச்சு முட்டும்."

சூப்பர்வைசர் அவளைப் பார்க்கவே இல்லை. நைனா கோணியை வாங்கி, அதன் வாயைத் தானே விரித்துப் பிடித்தார். பிறகு அவரும் வேனில் ஏறிப் போனார்.

பொங்கல் கழிந்ததும் அவர் வேலை நிரந்தரமானது. அம்மா கேசரி கிண்டி எல்லா வீட்டுக்கும் கொடுத்தாள்; அவள் வாயில் வைக்கவில்லை. நானும் தம்பியும் கல்லூரிக்குப் போனது அந்த வேலையால்தான். அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

இன்று அந்த லைன் வீடுகள் இருந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. பள்ளத்தை மூடி அதன்மேல் கிடங்கு கட்டிவிட்டார்கள். கம்பெனியும் கைமாறிவிட்டது. அம்மா இல்லை. நைனா வேப்பம்பட்டில் என்னோடு இருக்கிறார். போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இவ்வளவு வருஷமாகக் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"அத இன்னா நைனா பண்ணீங்க?"

அவர் பிசைந்த சோற்றைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார்.

"புதுவாயல் தாண்டி ஹைவேயில போட்டோம். லாரி அடிச்ச மாதிரி இருக்கட்டும்னாங்க" என்றார். பிறகு, நான் கேட்காமலே, "அப்பவும் உசிரு இருந்துது" என்றார்.