சற்குணம் வாங்கிய ரைபிள்

துப்பாக்கிக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்த ஒருவருக்கு, ஐம்பது வயதில் துப்பாக்கி எதற்கு? சற்குணத்தின் வாழ்க்கை எழுப்பிய கேள்வி இது. அதை முதலில் கேட்டவர் அவருடைய மனைவி ரத்னா.

யாழ்ப்பாணத்தில் அவர் படவரைஞர். நியூசிலாந்தில் ஒக்லாந்துக்கு வந்தபின் ஏவன்டேலில் ஜன்னல் சட்டம் செய்யும் தொழிற்சாலையில் அலுமினியம் வெட்டினார். நல்ல மனிதர் என்பது பெரிய சொல், யாருக்கும் தொந்தரவில்லாதவர். ஆறு வருடத்தில் கூட வேலை செய்த எவரும் அவரை எங்கும் கூப்பிட்டதில்லை. 1996இன் தொடக்கத்தில், அதே தொழிற்சாலையில் வேலை செய்த கெவின் கூப்பிட்டான். ஏப்ரலில், ஆண்மான்கள் கத்தும் பருவத்தில், காட்டுக்கு வேட்டைக்கு.

"வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தொடமாட்டியள். அண்டைக்கு மான் வந்து முன்னால நிண்டா?" என்றாள் ரத்னா.

"சனிக்கிழமை வா எண்டு சொல்லுவன்."

அவர் பகிடி விட்டு எவ்வளவு காலம்! ரத்னா மறிக்கவில்லை.

நூலகத்திலிருந்து புத்தகங்கள் வந்தன. எந்த அளவுத் துப்பாக்கி ரவை என்பதுதான் இரண்டு மாதமாக அவருடைய யோசனை. 243 தோளில் அதிகம் உதைக்காது, ஆனால் பெரிய ஆண்மானுக்கு அதன் ஈயச் சன்னம் கொஞ்சம் சிறிது. 270 வெகுதூரம் நேராகப் போகும். அடர்ந்த காட்டில் அவ்வளவு தூரம் கண்ணுக்கே தெரியாது. 308இன் சன்னம் பாரமானது, கிட்டத்தில் உறுதியாக விழுத்தும், எந்தக் கடையிலும் கிடைக்கும். மூன்றையும் கட்டம் போட்ட தாளில், பழைய படவரைஞர் கைப்பழக்கத்தில், அளவெடுத்து வரைந்தார்.

"இஞ்சரும், உமக்கொண்டு சொல்லவேணும்," என்றார் ஒரு மாலை. "இந்த 308 இருக்கெல்லே. ஆமிக்காரன்ர எஸ்.எல்.ஆர் துவக்கிலையும் இதே அளவுதான்."

ரத்னாவின் தம்பி கதிர்காமநாதனைப் பள்ளிக்கூட வாசலில் வைத்துச் சுட்டது எஸ்.எல்.ஆரால். ஆஸ்பத்திரிவரை அவனை மடியில் கிடத்திக்கொண்டு போனவர் சற்குணம்.

"மற்ற ரெண்டில எதெண்டாலும் வாங்குங்கோ. அது இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது."

"ஓம். எனக்கு 243 காணும்."

லைசன்ஸுக்காகப் பொலிஸ் அதிகாரி வீட்டுக்கு வந்தார். துப்பாக்கி வைக்கவென்று பூட்டுப் போட்ட அலுமாரியைப் பார்த்தார். பிறகு சற்குணத்தை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு ரத்னாவிடம் கேட்டார்: இவரிடம் துப்பாக்கி இருப்பதில் உங்களுக்குப் பயமுண்டா? கோபப்படுவாரா?

தம்பி செத்த நாளிலிருந்து அவர் யாரோடும் கோபப்பட்டதேயில்லை. அதை நல்லதென்பதா கெட்டதென்பதா என்று பத்து வருடமாக அவளுக்குத் தெரியவில்லை. அதிகாரி கையில் வைத்திருந்த படிவத்தில் அதற்கு இடமுமில்லை. வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் நின்றுவிடும். ஆனால் தோட்டத்தில் நின்றபடி ஜன்னலைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு ஆறு வருடத்தில் கிடைத்தது இந்த ஒரு அழைப்புத்தான். வாக்கும் கொடுத்திருந்தார்.

"பயமில்லை," என்றாள் ரத்னா.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை கெவின்தான் கடைக்குக் கூட்டிப்போனான். திரும்பி வந்ததும் சற்குணம் நீளப் பையைத் தூக்கிக்கொண்டு நேரே அலுமாரிக்குப் போனார். கெவின் வாசலில் நின்று ரத்னாவிடம் ஆங்கிலத்தில் கதைத்தான். மூன்றையும் தோளில் வைத்துப் பார்த்தாராம். மெலிந்த உடம்பு, 243ஐ எடுங்கள் என்று இவனே சொன்னானாம். கடைக்காரரும் அதையே சொன்னாராம். "பிடிவாதக்கார மனுசன்," என்று சிரித்துவிட்டுப் போனான்.

ரத்னா உள்ளே போனாள். அலுமாரி இன்னும் திறந்திருந்தது. குழலில் பொறித்திருந்த எண்ணை அவள் இரண்டு தரம் வாசித்தாள்.

"ஏனப்பா?"

சற்குணம் 308ஐ வாங்கியிருந்தார். ஏனென்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.