தட்டில் தங்கிய மாலை

"கயட்டிப் போடுப்பா. பிரஸ் மிஷின் லைன்ல கய்த்துல எதுவும் தொங்கக் கூடாது."

பேச்சிராஜ் ருத்ராட்ச மாலையைக் கழற்றினான். புது மாலை. மணிகள் செம்பழுப்பாக, முள் மழுங்காமல் இருந்தன.

"பத்திரம்ணே. நேத்துதான் ஊர்ல எங்கம்மை கழுத்துல போட்டுவிட்டா. ஒறக்கம் வரலன்னா இத உருட்டுலன்னு சொன்னா."

"நா இன்னா, இத்த போட்டுக்கினு காசிக்கா போவப்போறேன்? சாய்ங்காலம் வாங்கிக்க."

மாலையைத் தட்டில் வைத்துவிட்டுக் கோதண்டம் அடுத்தவன் பக்கம் திரும்பினார். ஒரகடத்தில் அந்தத் தொழிற்சாலையின் முன்வாசல் காவலாளி அவர். உள்ளே போகிறவர்களின் மோதிரம், சங்கிலி, கயிறுகளை வாங்கி வைத்து, ஷிப்டு விட்டதும் திருப்பித் தருவார்.

அன்று சாயங்காலம் பேச்சிராஜ் வாங்க வரவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு லைனில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்திருக்கிறான். ஆம்புலன்ஸ் பின்வாசல் வழியாகப் போயிற்று. மருத்துவமனை சேர்வதற்குள் முடிந்துவிட்டது. பிணவறையிலிருந்து அப்படியே தெற்கே, ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அம்மா வருவாள், அவளிடம் கொடுத்துவிடலாம் என்று கோதண்டம் மாலையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பை கனத்தது. கை தானாக உள்ளே போயிற்று. சேரப்பணஞ்சேரியில் நாமம் போடும் குடும்பம் அவருடையது; ருத்ராட்சத்தைத் தொட்டுப் பழக்கமில்லை. ஆனாலும் இடைவேளையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு மணியாக, ராமா சொல்லி உருட்டினார். முழங்கால் வலி மறந்தது. லாரிச் சத்தம் தூரமாயிற்று. இத்தனை வயதில் அப்படி ஒரு அமைதி கிடைத்ததில்லை.

சில நாட்கள் போனதும் ராமா வரவில்லை. பேச்சிராஜ், பேச்சிராஜ் என்று வந்தது. மாற்றிப் பார்த்தார். இரண்டு மணியை உருட்டுவதற்குள் நாக்கு பழைய இடத்துக்குப் போய்விடும். ஷிப்டு விடும்போது தட்டை நோக்கி நீளும் கைகளில் ஒன்று குறைவதாகத் தோன்றும். பார்த்தால் எல்லாரும் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

செத்தவன் மாலை என்று மனைவி சுந்தராம்பாள் அதை வீட்டுக்குள் விடவில்லை. அது வண்டிப் பெட்டியில் கிடந்தது.

"யோவ், சோத்த துன்றியா உருட்டுறியா? ஒண்ணொண்ணா உருட்டிக்கினு கீற. வாய் வேற முணுமுணுங்குது. யாருய்யா அது?"

கோதண்டம் தட்டைப் பார்த்தார். கட்டைவிரல் பருக்கைகளைத் தள்ளிக்கொண்டிருந்தது.

மாலையைத் தாயிடம் சேர்த்துவிட்டால் பெயர் நின்றுவிடும். அதை அவர் உறுதியாக நம்பினார்.

ஆடி மாதம் அவள் வந்தாள். செல்லம்மாள். இழப்பீட்டுப் பணத்துக்கு ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தவளிடம் கோதண்டம் மாலையை நீட்டினார். அவள் வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"நான் குடுக்கையில செவப்பா இருந்துச்சு. கறுத்துருக்கே. யாரு உருட்டுனது, அண்ணாச்சி?"

"நான்தாம்மா. தப்புதான். சும்மா பையில கெடந்துது…"

"ஒருத்தர் செபிச்சத இன்னொருத்தர் தொடப்பிடாதும்பாவ. என்ன சொல்லி உருட்டுனிய?"

ராமா என்று சொல்ல வாயெடுத்தார். வரவில்லை.

"ஒம் புள்ள பேருதாம்மா. நா வோணும்னு சொல்லல. நிறுத்தப் பாத்தேன், முடியல. நீ எடுத்துக்கினு போயிடு, புண்ணியமாப் போவும்."

அவள் அழவில்லை. அவர் வாயையே பார்த்தாள்.

"ஊர்ல நான் அவன் பேரச் சொன்னா, போனவனக் கூப்பிடாதங்காவ. வீட்ல யாரும் சொல்லுததில்ல. இங்கன ஒரு வாய் சொல்லிக்கிட்டுல்லா இருந்திருக்கு."

மாலையை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

"என் மவனுக்குக் குடுத்தது. இப்பம் ஒங்களுக்குக் குடுக்கேன். நிறுத்திராதிய, அண்ணாச்சி."

வேண்டாம் என்று அவர் சொல்வதற்குள் தண்டலம் போகிற பஸ்ஸை நோக்கிக் கை காட்டிக்கொண்டு நடந்துவிட்டாள்.

மறுநாள் கோதண்டத்துக்குக் காலை ஷிப்டு. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தட்டைக் காட்டி, எதை எதைக் கழற்ற வேண்டும் என்று சொன்னார். மழை தூறி நின்றது. இடைவேளையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் அந்தப் பெயரிலேயே ஒரு சுற்று உருட்டிவிட்டு வந்தார். ஷிப்டு விட்டதும் எல்லாரும் அவரவர் பொருளை வாங்கிக்கொண்டு போனார்கள். தட்டைத் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.