பழமில்லாத பால் பழம்

மார்க்கையன்கோட்டையில் எங்கள் தோட்டத்து வாழைத்தார் ஒன்றை ஏற்றினால் லாரி ஒரு பக்கமாகச் சாயும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன், மொபெட் சாயும். அப்பேர்ப்பட்ட வீட்டுக்கு வாழைப்பழமே சேராத ஒருத்தி வந்து சேர்ந்தாள், ஓவியா.

போடிக்காரி. தேனியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கதை கேட்டுக்கொண்டே ரத்தம் எடுத்துவிடுவாள். ஊசி ஏறியதே தெரியாது. சின்ன வயதில் வாழைப்பழம் தின்றால் அவளுக்குத் தொண்டை அரிக்குமாம். சளி என்று அவள் அம்மா மிளகு கொடுத்தாளாம்; பிறகு ரஸ்தாலி வேண்டாம் நாட்டுப்பழம், அதுவும் வேண்டாம் செவ்வாழை என்று ரகத்தை மாற்றிப் பார்த்தாளாம். கல்லூரியில் படிக்கும்போது உதடு வீங்கி மூச்சடைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். எந்த ரகமும் கூடாது, துளியும் கூடாது என்று டாக்டர் சொன்னது அப்போதுதான். ரப்பர் கையுறை போட்டால் அவளுக்குக் கை தடிப்பதும் இதோடு சேர்ந்த ஒவ்வாமைதானாம். அதனால் வேலையில் வேறு வகைக் கையுறை. மூச்சடைத்தால் போட்டுக்கொள்ளும் ஊசி எப்போதும் பையில்.

இதையெல்லாம் சம்பந்தம் பேசும்போதே சொல்லிவிட்டாள். வாழை போடுகிற என் பேரன் சுரேஷ்கண்ணன் கவனமாகக் கேட்டுக்கொண்டான். பெண்கள் நாங்கள் தலையை மட்டும் ஆட்டினோம்.

கல்யாணம் முடிந்து வீட்டுக்குள் வந்ததும் பால் பழம். பேரனின் அம்மா கஸ்தூரியம்மாள்தான் முதல் கரண்டி கொடுக்க வேண்டும். மருமகளுக்காகவே யோசித்து, பாலில் பிசைந்த பழத்தை வடித்து எடுத்திருந்தாள்.

"பழத்த எடுத்துட்டேன் ஆத்தா. வெறும் பாலுதான், குடி."

சுற்றிலும் சொந்தக்காரர்கள். வந்த அன்றே மாமியார் கையைத் தட்டிவிட்டாள் என்ற பேர் வந்தால் லேசில் போகாது. ஓவியா தட்டிவிடவில்லை. மாமியாரின் மணிக்கட்டை மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

"அத்த, பழம் போனாலும் சாறு பாலுல கெடக்கும். குடிச்சா எனக்கு மூச்சு அடைச்சிரும். கையக் கழுவிட்டு வேற டம்ளர்ல குடுங்க, உங்க கையால குடிக்கிறேன்."

கஸ்தூரி கிண்ணத்தையே பார்த்தாள். அதைத் தூர வைத்தாள். எழுந்துபோய் சோப்புப் போட்டுக் கை கழுவி, புது டம்ளரில் கற்கண்டுப் பால் கொண்டுவந்தாள். கூடவே நாலு பன்னீர் திராட்சை. பேரனும் "எனக்கும் அதுதான்" என்று கேட்டு வாங்கிக் குடித்தான்.

இப்போது தார் வெட்டிவிட்டு வருகிறவர்கள் கை கழுவாமல் எங்கள் சமையலறைக்குள் நுழைய முடியாது. கோவில் பஞ்சாமிர்தத்தைக்கூட கஸ்தூரி வாசலிலேயே மறித்துவிடுகிறாள். போன மாதம் பழம் ஏற்றிவந்த லாரியை நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்து நிறுத்தி, வந்த வழியே திருப்பி அனுப்பினாள்.

நான் இதை எழுதுவதைத் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஓவியா விடவில்லை.

"அப்பத்தா, அத்த லாரிய எங்க நிறுத்துனாக? டிரைவர் எனக்கு ஒரு சீப்புப் பழம் நீட்டுனாரு. அத்த குறுக்க வந்து நின்னு, 'எம் மருமகளுக்குச் சேராது, அங்கனயே வச்சிருங்க'ன்னாக. அம்புட்டுதான்."