சிவப்பு வயர் கட்டிய நம்பர் பிளேட்

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை. காலை டிபன் முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தேன். காலிங் பெல். கதவைத் திறந்தால் — டேனியல் சார்.

எங்கள் சபைக்காரர். ரிட்டயர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கைகுலுக்கி, “ஸ்தோத்திரம் பிரதர்” என்பார். அதற்கு மேல் நாங்கள் பேசியதில்லை. நாங்கள் சிட்லபாக்கத்துக்குக் குடிவந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அவர் வீடு குரோம்பேட்டையில். அவர் பெயரையும் இதில் வரும் மற்றவர்கள் பெயரையும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

உள்ளே வந்தவர் உட்காரவில்லை. நேராக என் ஹால் சுவரின் முன்னால் போய் நின்றார்.

அந்தச் சுவரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் இந்த இதழில், என் இதே பக்கத்தில், அதன் படம் வந்தது. பழைய நம்பர் பிளேட்டுகள், தகர போர்டுகள். ‘நாய்கள் ஜாக்கிரதை’, ‘இங்கே சைக்கிள் நிறுத்தாதீர்’, எப்போதோ மூடிப்போன ஒரு சோடா கம்பெனியின் எனாமல் போர்டு. அதற்கு நடுவில் லாரி, ஆட்டோ, ஸ்கூட்டர், பைக் என்று விதவிதமாக எண்கள். என் மனைவி ஷீலா அதற்கு வைத்திருக்கும் பெயர் காயலான் கடை. வருகிறவர்கள் பொதுவாக இரண்டில் ஒன்றைக் கேட்பார்கள். ‘இதெல்லாம் எதுக்கு சார்?’ அல்லது ‘உங்களுக்கு வேற வேலையே இல்லையா?’

டேனியல் சார் மூன்றாவதாக ஒன்று கேட்டார்.

“பிரதர், இது எங்க கிடைச்சுது?”

விரலால் தொடாமல், கிட்டே கொண்டுபோய்க் காட்டினார். TN 22 என்று ஆரம்பிக்கும் ஒரு பைக் பிளேட். மீதி எண்ணை இங்கே எழுதப் போவதில்லை.

“பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில சார்.”

“இந்த வயரோடயேவா?”

“ஆமா. வயருக்காகத்தான் வாங்கினேன்.”

பொய் இல்லை. பிளேட்டில் போல்ட் போடும் ஓட்டை ஒரு பக்கம் துருப்பிடித்துப் பிய்ந்திருந்தது. யாரோ அந்த இடத்தில் சிவப்பு வயரை விட்டு இறுக்கி முறுக்கியிருந்தார்கள். சந்தையில் நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றதைப் பார்த்து, “இன்னா சார், இத்தப் போயி இம்மாந்நேரம் பாத்துகினு கீற? வேற நல்லதா எடுத்துக்கோ” என்றார் கடைக்காரர். நல்லது யாருக்கு வேண்டும்? பளபளப்பான பிளேட் எங்கேயும் கிடைக்கும். ஒரு மனிதரின் கை பட்ட பிளேட் கிடைக்குமா?

இப்படியெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“அந்த வயரைக் கட்டினது என் பையன்.”

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்.

பையன் பெயர் ஜெபா. ஒரே பிள்ளை. நாவலூரில் ஐ.டி. வேலை. தினமும் குரோம்பேட்டையிலிருந்து ரேடியல் ரோட்டைப் பிடித்து, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைத் தாண்டி, பைக்கில்தான் போய்வருவான். சில வருடங்களுக்கு முன், ஒரு மழை நாளில் வண்டி சறுக்கியது. எதிரில் யாரும் வரவில்லை. யார் மேலும் தப்பில்லை. விழுந்தான், அவ்வளவுதான்.

“வண்டிக்கு ஒண்ணுமே ஆகல பிரதர். ஒரு இண்டிகேட்டர் உடைஞ்சிருந்தது. அத மட்டும் மாத்தினா ஓட்டிட்டுப் போயிடலாம். அப்படியே எங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழ கொண்டுவந்து நிறுத்தினாங்க.”

தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

அவர் மனைவி கிரேஸ், ஸ்கூல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த நாட்களில் டீச்சர் சொன்னது இதுதான். ‘வண்டிய யாராவது நல்ல பையனாப் பாத்துக் குடுத்துடுங்க. அவன் ஓட்டட்டும். நம்ம பிள்ளை வண்டி ரோட்ல ஓடிட்டே இருக்கட்டும்.’

டேனியல் சாருக்கு நேர் எதிராகத் தோன்றியிருக்கிறது. இன்னொரு வீட்டுப் பிள்ளை அந்த வண்டியில் ஏறக் கூடாது. ஒரு நாள் டீச்சர் இல்லாத நேரத்தில் அதைத் தள்ளிக்கொண்டே போய்க் காயலான் கடையில் விட்டு, பார்ட் பார்ட்டாக உடைக்கச் சொல்லிவிட்டு வந்தார். “நல்ல வண்டி சார், எதுக்கு உடைக்கணும்னு கடைக்காரரே ரெண்டு தடவ கேட்டாரு.”

வீட்டில் வந்து சொன்னது வேறு. பள்ளிக்கரணையில் ஒரு பையன் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான், தங்கமான பையன்.

அன்றிலிருந்து டீச்சர் அந்த நம்பரைத் தேடுகிறார்.

தினமும் சாயங்காலம் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு நடந்து வருவார். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, போகிற பைக்குகளின் எண்களைப் படிப்பார். கூடவே டேனியல் சாரும் உட்கார்ந்திருப்பார். சில நாள் வேளச்சேரி பக்கம், சில நாள் பள்ளிக்கரணை. இல்லாத வண்டியைத் தேடும் மனைவிக்குத் துணையாக, அது இல்லை என்று தெரிந்த கணவர்.

“சொல்லிடலாமேன்னு நீங்க நினைப்பீங்க. அவன் போனப்புறம் அவ ரூம விட்டே வரல பிரதர். இதுக்காகத்தான் வெளிய வர ஆரம்பிச்சா. இப்ப நான் போய், வண்டிய அப்பவே உடைச்சாச்சு, உன் பேச்சக் கேக்கலன்னு எப்படிச் சொல்லுவேன்?”

அவர் வந்த காரியம் இதுதான். சனிக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். எங்கள் சபையில் வாரம் ஒரு வீட்டில் முறை வைத்து நடக்கும். அந்த வாரம் எங்கள் முறை. டீச்சர் கட்டாயம் வருவார். படம் வந்த இதழை டேனியல் சார் அன்றைக்கே ஒளித்துவிட்டார். பேப்பர்காரர் போடவில்லை என்று சொல்லிவிட்டாராம். ஆனால் சுவரை ஒளிக்க முடியுமா?

“எனக்கு வேணாம் பிரதர். நீங்களே வெச்சுக்கோங்க. அன்னைக்கு மட்டும் கழட்டிடுங்க.”

நம்பர் பிளேட் சேர்க்கிறவர்கள் எல்லாவற்றையும் கேட்போம். எந்த ஊர், எந்தக் காலம், கையால் எழுதியதா, அச்சா... ஒன்றை மட்டும் கேட்க மாட்டோம். வண்டி என்ன ஆயிற்று? ஓடுகிற வண்டியின் பிளேட் சந்தைக்கு வராது. இது எனக்குத் தெரியாததல்ல. என் சுவரில் இருக்கும் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வண்டி நின்றுபோன கதை என்பது தெரிந்தும், டார்ச் அடித்து, ஆணி அடித்து, அழகு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று அவர் போன பிறகு அந்தச் சுவரைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பிளேட்டைக் கழற்றிப் பரணில் வைத்தேன். கழற்றினால், அடியில் வெயில் படாத சுவர் வெள்ளை வெளேரென்று ஒரு செவ்வகமாக நின்றது. அதன் மேல் ‘நாய்கள் ஜாக்கிரதை’ போர்டை மாட்டினேன். போர்டு சின்னது. இரண்டு பக்கமும் வெள்ளை தெரிந்தது.

சனிக்கிழமை வந்தது. பாட்டு, வேத வாசிப்பு, ஒவ்வொருவராக ஜெபம். கிரேஸ் டீச்சர் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக ஜெபித்தார். சபையில் உள்ள அத்தனை பிள்ளைகளின் பெயரும் வந்தது. ஒரு பெயர் மட்டும் வரவில்லை. டேனியல் சார் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

கூட்டம் முடிந்து டீ, மசால் வடை. டீச்சர் டீ கிளாஸோடு சுவருக்கு முன்னால் போனார். வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுப்பது போல மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு எண்ணாகப் படித்துக்கொண்டு வந்தார். உதடு அசைந்தது. நாய் போர்டின் முன்னால் நின்றார். நான் ஷீலாவைப் பார்த்தேன், ஷீலா என்னைப் பார்த்தார்.

டேனியல் சார் சட்டென்று எழுந்து, “கிரேஸ், நான் போய் ஆட்டோ பாக்கறேன்” என்று கீழே போய்விட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

“நீங்க நாய் வளக்கறீங்களா பிரதர்?” என்றார் டீச்சர்.

“இல்ல டீச்சர்...”

“இங்க இருந்த பிளேட்ட எங்க வெச்சிருக்கீங்க?”

பக்கத்து வீட்டில் இதழை வாங்கிப் படித்திருக்கிறார். டேனியல் சார் ஒளித்து வைத்த இதழ் இருக்கும் இடமும் தெரியுமாம்.

நான் இதற்கு ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். சேகரிப்பாளனின் மூளை. “டீச்சர், செகண்ட் ஹேண்ட்ல வண்டி வாங்கறவங்க பழைய பிளேட்டத் தூக்கிப் போட்டுட்டு அதே நம்பர்ல புதுசா ஒண்ணு மாட்டிப்பாங்க. அப்படி வந்ததுதான் அது. வண்டி ஓடிட்டுத்தான் இருக்கும்.”

டீச்சர் என்னைப் பார்த்த பார்வை, வீட்டுப்பாடத்தை நாய் தின்றுவிட்டது என்று சொன்ன பையனைப் பார்க்கும் பார்வை.

“பிளேட் மாத்தலாம் பிரதர். சாவி?”

எனக்குப் புரியவில்லை.

“இவரு கிறிஸ்மஸுக்கும் கல்யாணத்துக்கும் போடற கோட் ஒண்ணு இருக்கு. அந்த வருஷம் டிரை வாஷுக்குப் போட எடுத்தேன். உள் பாக்கெட்ல வண்டிச் சாவி. ஒண்ணு இல்ல, ஸ்பேர் சாவியும் சேத்து. ஓட்டறதுக்கு வாங்கினவன் சாவி வாங்காமலா போவான்? உடைக்கற வண்டிக்குத்தான் சாவி வேணாம்.”

அதாவது, முதல் கிறிஸ்மஸிலேயே டீச்சருக்குத் தெரியும்.

“ஒவ்வொரு வருஷமும் வாஷுக்குப் போடறப்ப எடுத்து வெப்பேன். திரும்பி வந்ததும் அதே பாக்கெட்ல போட்டுடுவேன். இவருக்குத் தெரியாது.”

“அப்புறம் ஏன் டீச்சர் தேடறீங்க?”

“தெரியறதுக்கு முன்னாடி நிஜமாத்தான் தேடினேன். தெரிஞ்சப்புறம் கோவத்துல தேடினேன். என் பேச்சக் கேக்காம உடைச்சீங்கல்ல, வந்து பக்கத்துல உக்காந்து பாருங்கன்னுதான். அவருக்கு உறுத்தட்டும்னு. அவரு ஒரு வார்த்த சொல்லல. மழையானாலும் குடையப் பிடிச்சிட்டுக் கூடவே வந்தாரு. கோவம் எப்பவோ போயிடுச்சு பிரதர். நிறுத்தத்தான் தெரியல.”

டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“இப்ப எனக்கு முட்டி வலி, நடக்க முடியல. ஆனா நான் நிறுத்தினா இவரு பயந்துடுவாரு, மறுபடி இவ ரூமுக்குள்ள போயிடுவாளோன்னு. பஸ் ஸ்டாப்ல உக்காந்து நம்பர் நம்பராப் பேசறோம். எங்க பிள்ளையப் பத்தி ஒரு வார்த்த பேசறதில்ல. பேசினா வண்டிப் பேச்சு வந்துடும்னு அவருக்குப் பயம். எனக்கும்தான்.”

“நீங்களே சொல்லிடுங்க டீச்சர்.”

“நேர்ல வாய் வரல. எத்தனையோ தடவ ஆரம்பிச்சு, சாப்பிட வாங்கன்னு முடிச்சிருக்கேன்.” வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். “நீங்க எழுதுங்க. இவரு புஸ்தகம் வந்ததும் முதல்ல உங்க பக்கத்தத்தான் பிரிப்பாரு.”

கீழே ஆட்டோ ஹாரன் கேட்டது. டீச்சர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினார்.

ஒருவர் மறைக்கச் சொன்னதை இன்னொருவர் எழுதச் சொன்னால் எழுத்தாளன் என்ன செய்வான்? மூன்று வாரம் வேறு எதை எதையோ எழுதிச் சமாளித்தேன். நீங்கள் படித்தீர்கள். ஷீலாதான் கடைசியில், “பெத்தவங்க சொல்றாங்க, எழுதுங்க. அவரு கோவிச்சுக்கிட்டா என்கிட்ட அனுப்புங்க, நான் பேசிக்கறேன்” என்றார்.

எழுதியதை டீச்சருக்குப் போனில் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டார். ஒரே ஒரு திருத்தம். ‘கறுப்பு பைக்’ என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன்.

“கறுப்பு இல்ல பிரதர். கருநீலம். அந்தக் கலர்தான் வேணும்னு எத்தன ஷோரூம் ஏறி இறங்கினான் தெரியுமா? அவங்க அப்பாவ ஒரு வழி பண்ணிட்டான்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மகனைப் பற்றி டீச்சர் என்னிடம் பேசியது அது ஒன்றுதான். இதை நான் கேட்டு என்ன பயன்? கேட்க வேண்டியவர் வேறு ஒருவர். ‘கறுப்பு பைக்’ வரியை மட்டும் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டு, இந்தப் பேச்சை அப்படியே வைத்திருக்கிறேன்.

என் சுவரிலிருந்து எதையும் யாருக்கும் கொடுத்ததில்லை. கேட்ட நண்பர்களோடு சண்டையே போட்டிருக்கிறேன். இந்தப் பிளேட்டைத் துடைத்து, வயரைத் தொடாமல், மேஜை மேல் எடுத்து வைத்திருக்கிறேன். அந்த வெள்ளைச் செவ்வகத்தின் மேல் இப்போது நாய் போர்டும் இல்லை. உரியவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து வந்தால் தருவேன். ஒருவர் மட்டும் வந்தால் தர மாட்டேன்.

டேனியல் சார், இதழை மூடி வைத்துவிட்டு அடுக்களைப் பக்கம் போங்கள். நீங்கள் படித்து முடிப்பதற்காக அங்கே ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார்.