ஹசீனா மேடம் சொன்ன தட்டு

காளான் பைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது ஹசீனா மேடத்தின் தம்பி போன் செய்தார். "அண்ணா, அக்கா மௌத்தாயிட்டாங்க." இறந்துபோன மேடத்தை அறிந்தவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது, மருமகள் எழுதுகிறாள்.

தாம்பரத்தில் மேடத்தின் ஆய்வுக்கூடத்துக்கு என் கொட்டகையிலிருந்துதான் சிப்பிக் காளான் போகும். அதன் சாற்றைக் கல்லீரல் புற்றுச் செல்கள்மேல் விட்டுப் பார்ப்பார். ஒருநாள் என்னையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வைத்தார். ஒட்டிக்கிடந்தவை சுருண்டு மிதந்தன. "தட்டுல செத்துடுச்சு அண்ணா. ஆனா தட்டு வேற, மனுஷன் வேற. ஆளுக்குக் குடுக்கலாமான்னு இன்னும் யாருக்கும் தெரியாது" என்றார். தட்டு என்றது செல் வளர்க்கும் உள்ளங்கை அகலக் கிண்ணத்தை.

பெருங்களத்தூர் டீக்கடையில் நான் முதல் பாதியை மட்டும் பெருமையாகச் சொன்னேன். காளான் பொடி விற்கிறவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நாளில் அவன் டப்பாவில் மேடத்தின் பேர் வந்தது. பேரை எனக்குப் படிக்கத் தெரியாது, மருமகள் படித்துச் சொன்னாள்; படம் எனக்கே புரிந்தது. சோற்றுத் தட்டு, அதில் இரண்டு ஸ்பூன் பொடி.

கல்லீரலில் புற்று வந்த திருநீர்மலைப் பூக்காரர் ஒருவர் அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போவதை விட்டார். செத்தும் போனார். அவர் மனைவி ஆய்வுக்கூடத்துக்கே வந்து, "உங்க பேரைப் பாத்துதானேம்மா நிறுத்துனோம்" என்று அழுதார். மேடம் அந்த அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பேரை எடுக்கச் சொல்லிப் பொடிக்காரனிடம் மூன்று முறை நடந்தார். நானும் கூடப் போனேன். "இன்னா மேடம், ஃப்ரீயா வெளம்பரம் பண்றேன், கோச்சுக்கிறியே" என்று சிரித்தான்.

மேடத்தை அடக்கம் செய்த மறுநாளே கடை வாசலில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினான். மேடத்தின் முகம், கீழே டப்பா.

அன்றிலிருந்து அவன் ஷட்டரைத் தூக்கும்போது எதிரில் நாற்காலி போட்டு உட்காருகிறேன். டப்பா வாங்க வருகிறவர்களை நிறுத்தி, மேடம் சொன்னதை முழுசாகச் சொல்கிறேன். எது தட்டு என்றும், டீக்கடையில் நான் எந்தப் பாதியைச் சொல்லாமல் முழுங்கினேன் என்றும், பூக்காரர் எப்படிச் செத்தார் என்றும்.

"பெருசு, பேஜார் பண்ணாத. இன்னா வோணும் உனக்கு?"

"உன் கடை மூடணும்."

"நீ செத்தாதான் வுடுவ போல."

"நீ முந்திக்கோ."

பேனரை அவனே கழற்றிவிட்டான். டப்பா இன்னும் இருக்கிறது. நானும் இருக்கிறேன்.

மேடம் யாரையும் சபித்ததில்லை. அவர் வாய்விட்டுச் சொல்லாமல் போன சாபம் ஒன்று இருந்திருக்கும். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதைத்தான்.