ஆறு குழாயும் முதல் சவாரியும்

எண்பதுகளின் கடைசியில் ஆவடியில் ஒரு பாதுகாப்புத் துறை தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தேன். அங்கேயே குவார்ட்டர்ஸில் குடியிருப்பு. வேலை விஷயத்தில் அப்போது எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். அதற்குக் காரணமும் இருந்தது. குவார்ட்டர்ஸில் யார் வீட்டு ஊஞ்சல் சங்கிலி அறுந்தாலும், யார் வீட்டு அடிபம்பு மக்கர் பண்ணினாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். நான் கை வைத்த வேலை ஒன்றுகூட ரிப்பேர் என்று திரும்பி வந்ததில்லை. இதை மற்றவர்கள் சொல்வார்களோ மாட்டார்களோ என்று நானே எல்லோரிடமும் சொல்லிவிடுவேன்.

ஒரு ஐப்பசி மாதம். என் மனைவியின் அண்ணன் திருநின்றவூரில் வீடு கட்டி, கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்திருந்தார். பந்தல் சாமானுக்கும் சமையல் பாத்திரத்துக்கும் பூந்தமல்லியில் ஒரு பாயிடம் சொல்லியிருந்தோம். நாலு நாள் இருக்கும்போது பாய் சங்கடத்தோடு வந்து நின்றார். அவருடைய லாரி படுத்துவிட்டது. மிலிட்டரியில் கழித்து ஏலம் விட்ட பழைய பெட்ரோல் வண்டி அது. இன்ஜினிலிருந்து புகையை வாங்கி சைலன்சருக்கு அனுப்பும் வார்ப்பிரும்புத் துண்டு, மேனிபோல்டு என்பார்கள், மூன்றாவது தடவையாக வெடித்திருந்தது. அந்த மாடலுக்குப் புதிது எங்கேயும் கிடைக்கவில்லை.

நான் விடுவேனா? மண்ணூர்பேட்டையில் ஒரு பட்டறையில் ஜீப்புகளுக்கு வார்ப்பிரும்புக்குப் பதிலாகத் தனித்தனிக் குழாய்களை வளைத்துச் செய்து கொடுப்பார்கள். அளவெடுத்துக் கொண்டு போனேன். ஆறு சிலிண்டருக்கு ஆறு குழாய், கடைசியில் ஆறும் ஒன்றாகச் சேரும். பார்க்கவே அத்தனை அழகு. லீவு போட்டுவிட்டு பூந்தமல்லியில் பாயின் ஷெட்டில் ஒரு நாள் முழுக்க வேலை பார்த்தேன். துருப்பிடித்த பழைய நட்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றி, இன்ஜினில் பதிந்திருக்கும் திருகுக் கம்பிகளில், ஸ்டட் என்பார்கள், ஒன்றுகூட உடையாமல் கழற்றினேன். புகை கசியாமலிருக்கப் புதிதாகப் பேக்கிங் வைத்து, ஆறு குழாயையும் உட்காரவைத்து முறுக்கினேன். ஹேண்டில் போட்டுச் சுற்றி ஸ்டார்ட் செய்ததும் கனமாக, சீராக ஒரு சத்தம் வந்தது. பாய் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பாயின் டிரைவர் மட்டும் முகம் மலரவில்லை. என் வயதுதான் இருக்கும், அதிகம் பேசாத மனிதர். வண்டி நன்றாகச் சூடேறி ஆறட்டும், மறுபடியும் ஒரு சுற்று டைட் வைத்துவிட்டுப் போங்கள் என்றார். எனக்குச் சுருக்கென்றது. தொழிற்சாலையில் அளவு பார்த்து முறுக்கிப் பழகிய கை இது, ஒரு தரம் முறுக்கினால் முறுக்கினதுதான் என்றேன். அவர் ஹேண்டிலைத் துடைத்து வைத்துவிட்டு வேறொன்று சொன்னார்.

"சரி அண்ணாத்தே. ஆனா வண்டில கை வச்சவன் மொத சவாரிக்கு டிரைவர் பக்கத்துல குந்திகினு வரணும். நம்ப ஷெட்டுல அதான் வழக்கம்."

என் வேலைமேல் நம்பிக்கை இல்லாமல் என்னைப் பணயம் கேட்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. நான் என்ன, நாளைக்கு என் பெண்டாட்டி பிள்ளையையே உங்கள் பக்கத்தில் உட்காரவைக்கிறேன், போதுமா என்றேன். சொல்லும்போது பெரிய சவால் விட்ட திருப்தி.

மறுநாள் மத்தியானம் சாமான்களோடு வண்டி ஆவடிக்கு வந்து சேர்ந்தது. டிரைவர் இறங்கியதும், சத்தம் கொஞ்சம் மாறின மாதிரி இருக்கிறது, ஒரு பார்வை பாருங்கள் என்றார். புதுக் குழாய் அப்படித்தான் பேசும் என்று சிரித்துவிட்டு, பானெட்டைத் திறக்கக்கூட இல்லை. மனைவியையும் ஐந்து வயது மகளையும் கேபினில் ஏற்றினேன். அதற்கே இடம் சரியாகப் போயிற்று. நான் பின்னால் அண்டாக்களுக்கு நடுவில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறு குழாயின் சத்தத்தை ஒரு கச்சேரி கேட்பவன் போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போனேன் என்றால் நம்புங்கள்.

பட்டாபிராம் பக்கம் ரயில்வே கேட் போட்டிருந்தான். மழை பிடித்துக்கொண்டது. கேபின் கதவுகளில் கண்ணாடி கிடையாது, பக்கத் திரைகளை இறக்கிக் கட்டியிருந்தார்கள். நிறுத்தினால் மறுபடி ஹேண்டில் போட வேண்டும் என்று டிரைவர் இன்ஜினை ஓடவிட்டிருந்தார். ஒரு யூனிட் வண்டி, அதுதான் மின்சார ரயில், போனது. அடுத்து ஒரு கூட்ஸ், அது முடிகிற வழியாக இல்லை. கேட் திறந்தபோது எங்கள் வண்டி நகரவில்லை. பின்னால் ஹாரன் சத்தம். தார்ப்பாயை விலக்கி எட்டிப் பார்த்தேன். டிரைவர் தள்ளாடிக்கொண்டு கீழே நிற்கிறார், அவர் தோளில் என் மகள், தலை தொங்கிக் கிடக்கிறது.

எப்படிக் குதித்தேன் என்று தெரியவில்லை. என் மனைவி கதவைப் பிடித்தபடி படியிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன், எனக்கே தலை வலிக்கிறதே என்று அவளை எழுப்பினால் எழுந்திருக்கவில்லை என்று திக்கித் திக்கிச் சொன்னாள். மகளை வாங்கி மழையிலேயே நிமிர்த்திப் பிடித்து, கன்னத்தைத் தட்டி, பெயரைச் சொல்லிக் கத்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. எத்தனை நிமிடமோ, எனக்கு ஒரு யுகம். மழைத் தண்ணீர் முகத்தில் அடிக்க அடிக்க அவள் முனகினாள், பிறகு என் சட்டையிலேயே வாந்தி எடுத்து, வீறிட்டு அழுதாள். நானும் அழுதேன். நடுரோட்டில், அத்தனை பேர் பார்க்க.

பக்கத்தில் இருந்த டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூடின கேபினுக்குள் பெட்ரோல் புகை ஏறியிருக்கிறது, காற்றுக்கு வந்துவிட்டதால் பிழைத்தாள் என்றார். சாயந்திரம்வரை படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, பயமில்லை என்று சொன்ன பிறகு தாயையும் மகளையும் மின்சார ரயிலில் திருநின்றவூருக்கு ஏற்றி அனுப்பினேன்.

வண்டிக்குத் திரும்பினேன். டிரைவர் அதை ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். இன்ஜின் ஆறியிருந்தது. கடைசிக் குழாயில் நான் முறுக்கிய நட்டு, ஸ்பானரே இல்லாமல் விரலால் சுற்றியது. சூட்டில் பேக்கிங் அமுங்கியிருக்கிறது, நட்டு இளகியிருக்கிறது. பெடல் போகும் ஓட்டை வழியாகப் புகை நேரே கேபினுக்குள் போயிருக்கிறது. தொழிற்சாலையில் நான் பூட்டியதெல்லாம் சூடே ஏறாத தண்ணீர்க் குழாய்கள் என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் ஸ்பானரை எடுத்து என் கையில் கொடுத்தார், அவ்வளவுதான். எல்லா நட்டையும் முறுக்கி முடித்ததும் நானே கேட்டேன், என்மேல் நம்பிக்கை இல்லாமல்தானே முதல் சவாரிக்குக் கூப்பிட்டீர்கள் என்று.

"நம்பிக்கை இல்லன்னா உன்ன வண்டிய தொடவே வுட்டிருப்பனா? பூட்டுனவன் காதுக்குத்தான் அண்ணாத்தே எங்க இளகுதுன்னு தெரியும். எனக்கு சத்தம் மாறுதுன்னு மட்டுந்தான் தெரியும். அதுக்குத்தான் பக்கத்துல குந்த சொன்னேன்."

மீதித் தூரத்துக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, திரையைத் தூக்கிக் கட்டி, நனைந்துகொண்டே காதைத் தீட்டிக்கொண்டு போனேன். திருநின்றவூர் போனதும் வண்டியை ஆறவிட்டு இன்னொரு சுற்று முறுக்கினேன். அதற்குப் பிறகு அந்த ஆறு குழாய் பல வருஷம் ஒரு பொட்டுப் புகை விடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி மட்டும் வெகுநாள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒரு நாள் குக்கர் கைப்பிடியை முறுக்கித் தந்தபோது, "சூடானதும் இன்னொரு தரம் பாத்துடுங்க" என்றாள். இன்றுவரை விடாமல் சொல்கிறாள்.

ரிட்டயர் ஆகிச் சில வருஷமாகிறது. என் கைமேல் எனக்கு இப்போதும் நம்பிக்கை உண்டு, அதில் குறைச்சல் இல்லை. போன மாதம் வானகரத்தில் மகள் வீட்டில் பேரனுக்கு ஊஞ்சல் மாட்டினேன். மாட்டி முடித்ததும் அவன் ஓடி வந்தான். அவனைத் தடுத்துவிட்டு நானே ஏறி உட்கார்ந்து, கொக்கியின் சத்தத்தில் காதை வைத்தபடி ரொம்ப நேரம் ஆடினேன். குழந்தைக்கு மாட்டிய ஊஞ்சலில் தாத்தா இறங்கமாட்டேன் என்கிறார் என்று மகள் சிரித்தாள். அவளுக்கு அந்த ரயில்வே கேட் ஞாபகம் இல்லை. எனக்கு இருக்கிறது, அது போதும்.